வெப்சைட் வேலைய எங்க இருந்து தொடங்கறது: தீமா, ஃபிக்மாவா, ஒரு வெறும் டாக்குமென்ட்டா?

புதுசா ஒரு வெப்சைட் வேணும்னு முடிவு பண்ணின உடனே பாதி பேருக்கு கை தானா ரெடிமேட் டிசைன் வரிசையா அடுக்கி வெச்சிருக்கற தீம் கேலரிக்குத்தான் போகும். மீதி பேரு "இந்த மாதிரி இருக்கணும்"னு நாலஞ்சு லிங்க் எடுத்து டிசைனருக்கு வாட்ஸ்அப்ல தள்ளி விட்டுட்டு, அவர் ஃபிக்மால (ஸ்க்ரீன் எப்படி இருக்கும்னு வரையற டூல்) போடற ஹோம் பேஜ் படம் எப்ப வரும்னு காத்துட்டு இருப்பாங்க. மூணாவதா ஒரு வழி இருக்கு, அதுல படமும் கிடையாது கலரும் கிடையாது, ஒரு டாக்குமென்ட்ட திறந்து வெச்சுகிட்டு இந்த சைட்டுக்கு யாரு வருவாங்க, எதுக்கு வருவாங்க, வந்துட்டு என்ன பண்ணிட்டுப் போகணும்னு எழுதற வேலை, கொஞ்சம் போர் அடிக்கும்ங்கறதால நிறைய பேரு அந்தப் பக்கமே தலை வெக்கறதில்ல. மூணு வழில போனாலும் கடைசில ஒரு வெப்சைட் வரத்தான் செய்யும். ஆனா முதல்ல எத முடிவு பண்றோமோ அது பின்னாடி வர்ற எல்லாத்தையும் கட்டிப் போட்டுடும், அதனாலதான் இத ஒக்காந்து ஒப்பிட்டுப் பாக்கறது நல்லதுன்னு தோணுது.

நான் எந்தப் பக்கம்னு முன்னாடியே சொல்லிடறேன், மூணாவது பக்கம். ஆனா எல்லா சைட்டுக்கும் கிடையாது, எங்கெங்க மத்த ரெண்டும் சரியா வரும்னும் சொல்றேன்.

பேசறதுக்கு ஒரு உதாரணம் வேணும், ஒரு பாட்டு டீச்சர்னு வெச்சுக்குவோம், ஆன்லைன்ல வகுப்பு எடுக்கறவங்க, தனியா ஒரு வெப்சைட் வேணும்னு நினைக்கறாங்க.

தீம்ல ஆரம்பிச்சா

இதுல பெரிய லாபம் வேகம். சைட் கட்டறதுக்கு வேர்ட்பிரஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், விக்ஸ்னு எதுல போனாலும் ரெடியா தீம் கெடைக்கும், மொபைல்ல ஓரளவு ஒழுங்கா தெரியும், மெனு, ஃபார்ம், கேலரி எல்லாம் யாரோ ஏற்கனவே சோதிச்சுப் பாத்து வெச்சது. சாயங்காலம் ஒக்காந்தா ராத்திரிக்குள்ள ஏதோ ஒண்ணு லைவா நிக்கும். இத கேவலமா பாக்கறவங்க நிறைய பேரு இருக்காங்க, அது தப்பு, சின்ன சைட்டுக்கு இத விட்டா நியாயமான வழி பல சமயம் கிடையவே கிடையாது.

சிக்கல் எங்கன்னா, தீமோட டெமோல (விக்கறவங்க காட்டற மாதிரி சைட்) இருக்கற ஒவ்வொரு கட்டமும் நம்மகிட்ட ஏதாவது கேக்கும். மேல படம் ஒண்ணு மாத்தி ஒண்ணு நகர்ற பெரிய ஸ்லைடர் இருக்கும், அதுக்கு மூணு படம் வேணும், மூணு வரி வேணும். கீழ "எங்கள் குழு"ன்னு நாலு வட்டம், டீச்சர் ஒரே ஆளு. அப்புறம் "எண்களில் நாங்கள்"னு ஓடிக்கிட்டே ஏறுற நம்பர், அதுக்கு கீழ வாடிக்கையாளர் கருத்து, அதுக்கும் கீழ பிளாக். இதெல்லாம் யாரோ ஒரு தீம் கம்பெனி தீம் விக்கறதுக்காக வெச்ச அலங்காரம், ஆனா காலியா விட மனசு வராம நாம அதையெல்லாம் நிரப்பிக்கிட்டு இருப்போம், நிரப்பி முடிக்கறதுக்குள்ள டீச்சருக்கு என்ன தேவையோ அது (ஒரு சோதனை வகுப்புக்கு ஆளுங்க பதிவு பண்றது) எங்கயோ நாலாவது ஸ்க்ரோல்ல போய் ஒளிஞ்சுக்கும். "வணக்கம், இது எங்கள் முதல் பதிவு"ன்னு ஒரே ஒரு போஸ்டோட வருஷக்கணக்கா தூங்கற பிளாக்கெல்லாம் இப்படிப் பொறந்ததுதான்.

அந்த ஸ்லைடர் பத்தி ஒரு தகவல். அமெரிக்கால நோட்ரடாம் பல்கலைக்கழகத்தோட வெப்சைட்ல எரிக் ரன்யன்ங்கறவர் 2013ல கணக்கு எடுத்துப் போட்டார், ஹோம் பேஜுக்கு வந்தவங்கள்ல சுமார் 1 சதவீதம் பேருதான் ஸ்லைடர்ல இருந்த எதையாவது க்ளிக் பண்ணியிருந்தாங்க, அந்த க்ளிக்லயும் பெரும்பகுதி முதல் ஸ்லைடுக்கே போயிருந்துது. அப்ப ரெண்டாவது மூணாவது ஸ்லைடுக்கு படம் தேடி, வரி எழுதி, அதுக்கு சண்டையும் போட்டதெல்லாம் யாருக்காக? இன்னிக்கும் அந்த ஸ்லைடர் எத்தனையோ தீம்ல வந்துகிட்டேதான் இருக்கு, டெமோல பாக்க நல்லா இருக்குல்ல.

ஃபிக்மால அழகான படம் முதல்ல

இதுல வேற மாதிரி சுகம். டிசைனர் ஒரு ஹோம் பேஜ் மாக்கப் (முடிஞ்ச சைட் எப்படித் தெரியும்னு காட்டற படம்) அனுப்புவார், பாத்ததும் எல்லாருக்கும் உற்சாகம் வந்துடும், பணம் குடுக்கறவர் தலையாட்டுவார், வேலை நகர்ற மாதிரி இருக்கும். இத சும்மா மேனாமினுக்கி வேலைன்னு ஒதுக்கிட முடியாது, தோற்றத்துக்கு உண்மையிலயே மதிப்பு உண்டு. கனடால கார்ல்டன் பல்கலைக்கழகத்துல கிட்டே லிண்ட்கார்ட் குழுவோட ஆராய்ச்சி 2006ல வெளியாச்சு, ஒரு வெப் பக்கத்த 50 மில்லிசெகண்ட் காட்டினாலே அது பாக்க நல்லாருக்கா இல்லையான்னு ஆளுங்க மனசுல ஒரு எண்ணம் விழுந்துடுது, அதிக நேரம் காட்டினாலும் அந்த எண்ணம் பெருசா மாறலன்னு அதுல தெரிஞ்சுது. அதனால "உள்ளடக்கம் நல்லா இருந்தா போதும், எப்படி இருந்தா என்ன"ன்னு பேசறவங்களோடயும் நான் ஒத்துப் போகல.

ஆனா படத்துல ஆரம்பிக்கறப்ப மூணு விஷயம் நழுவிப் போயிடும்.

முதல்ல, பேச்சே மாறிடும். கலர் கலரா ஒரு படம் முன்னாடி இருந்தா யாரும் "இந்தப் பக்கம் எதுக்கு?"ன்னு கேக்க மாட்டாங்க, "அந்த நீலத்த கொஞ்சம் அடர்த்தியா போட முடியுமா, லோகோ இன்னும் பெருசா வேணும்"னுதான் கேப்பாங்க. கண்ணுக்கு எது தெரியுதோ அதப் பத்தித்தான் கருத்து வரும், அது மனுஷ இயல்பு, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மூணு ரவுண்டு திருத்தமும் நிறத்துலயே தீந்து போயிருக்கும், அந்தப் பக்கம் தேவையாங்கற கேள்வி கேக்கப்படாமலே போயிருக்கும்.

ரெண்டாவது, மாக்கப்ல இருக்கற எழுத்து பொய். நிஜ எழுத்து வர்ற வரைக்கும் எடத்த நிரப்ப லோரம் இப்சம்னு போடுவாங்களே, சிசரோ கிமு 45ல எழுதின லத்தீன் நூல்லேர்ந்து பிச்சு கலைச்சுப் போட்டது அது, அர்த்தம் கிடையாது, எந்தக் கட்டத்துலயும் அழகா போய் ஒக்காரும். நிஜ எழுத்து அப்படி ஒக்காராது. ஒரு தலைப்பு ரெண்டு வார்த்தைல முடியும், அடுத்தது பதினோரு வார்த்தை ஓடும். ஒரு வகுப்புக்கு நாலு பத்தி விளக்கம் இருக்கும், இன்னொண்ணுக்கு ஒரே வரி. தமிழ்ல சைட் போடறவங்களுக்கு இது இன்னும் மோசம், இங்கிலீஷ் டெமோல ரெண்டு இஞ்சுக்குள்ள கச்சிதமா நிக்கற பட்டன்ல தமிழ் வார்த்தைய போட்டா ரெண்டா மடியும், மேல கீழ கொம்பும் சுழியும் இருக்கறதால வரி இடைவெளி பத்தாம ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். மாக்கப் அப்ரூவ் ஆனப்புறம் இதெல்லாம் கண்டுபிடிச்சா டிசைனர் மேல எல்லாரும் பாய்வாங்க, அவர் என்ன பண்ணுவார் பாவம், அவருக்கு எழுத்தையே யாரும் குடுக்கலையே.

மூணாவதுதான் எனக்கு பெருசா படுது: மாக்கப்னாலே ஹோம் பேஜ்தான் முதல்ல வரைவாங்க. ஆனா கூகுள்ல தேடி வர்றவங்க, யாரோ அனுப்பின லிங்க்ல வர்றவங்க எல்லாம் நேரா ஏதோ ஒரு உள்பக்கத்துலதான் வந்து எறங்கறாங்க. பாட்டு டீச்சர எடுத்துக்கோங்க, "பெரியவங்களுக்கு ஆரம்பப் பாட்டு வகுப்பு"ன்னு தேடி வர்ற ஒருத்தருக்கு அந்த வகுப்போட பக்கம்தான் மொத்த வெப்சைட்டும். அவரு ஹோம் பேஜ பாக்காமலே பதிவு பண்ணிட்டுப் போகலாம், பாக்காமலே கெளம்பியும் போகலாம். நாம ரெண்டு மாசம் செதுக்கினது ஹோம் பேஜ, அந்த வகுப்புப் பக்கத்துக்கு "மத்ததெல்லாம் இதே ஸ்டைல்ல பண்ணிடுங்க"ன்னு ஒரு வரி.

படத்துக்கு முன்னாடி நோக்கத்த யோசிக்கலன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு வழக்கமா சொல்ற பழைய கதை பூ.காம் (boo.com). ஃபேஷன் துணி விக்கற சைட், 1999 நவம்பர்ல தொறந்தாங்க. துணிய சுத்திச் சுத்திப் பாக்கற 3டி படம், மிஸ் பூன்னு பேசிக்கிட்டே வழிகாட்டற ஒரு பொம்மைப் பொண்ணு, எல்லாம் ஃப்ளாஷும் ஜாவாஸ்க்ரிப்ட்டுமா கனமா இருந்துது, அப்ப பெரும்பாலான வீட்டுல இருந்தது டயல்-அப் மோடம், பக்கம் திறக்கறதே பெரும்பாடு. 2000 மே மாசமே கடை மூடிடுச்சு, ஏறக்குறைய 13.5 கோடி டாலர் போச்சு. இத வெறும் டிசைன் தோல்வின்னு சொன்னா அது பாதி உண்மைதான், கன்னாபின்னான்னு செலவு பண்ணினாங்க, ஒரே நேரத்துல பல நாட்டுல கடை தொறந்தாங்க. இருந்தாலும் துணி வாங்க வந்தவங்க துணி வாங்க முடியாம திரும்பிப் போனதுக்கு அந்த அலங்காரம் பெரிய காரணம்.

நோக்கத்த முதல்ல எழுதினா

இது எப்படிப்பட்ட டாக்குமென்ட்னு நிறைய பேருக்கு தப்பான ஒரு படம் இருக்கு. "எங்கள் இலக்கு, எங்கள் பார்வை"ன்னு பெரிய பெரிய வார்த்தைல எழுதற சமாச்சாரம் இல்ல இது. வர்ற ஆளு யாரு, எங்கேர்ந்து வர்றாரு, வரும்போது மனசுல என்ன கேள்வி, அந்தக் கேள்விக்கு பதில் எந்தப் பக்கத்துல இருக்கு, பதில் கெடைச்சதும் அடுத்து என்ன பண்ணுவாரு, பண்ணினாருன்னு நமக்கு எப்படித் தெரியும். அவ்ளோதான். ரெண்டு பக்கத்துக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க.

எழுதின நோக்கம் உருப்படியா இருக்கான்னு பாக்க ஒரு சோதனை உண்டு, அது எதையாவது வேண்டாம்னு சொல்லுதா? "ஆன்லைன்ல எங்களுக்கு ஒரு அடையாளம் வேணும்"னு எழுதினா அது எதையும் தடுக்காது, ஸ்லைடரும் உள்ள வரும், நம்பர் ஓட்டமும் வரும், பிளாக்கும் வரும். "புதுசா கத்துக்க நினைக்கற பெரியவங்க, தனக்கு எந்த வகுப்பு சரியா வரும்னு புரிஞ்சுகிட்டு சோதனை வகுப்புக்கு நேரம் பதிவு பண்ணணும்"னு எழுதிப் பாருங்க, உடனே நாலு விஷயம் தானா முடிவாயிடும். டீச்சர் வாங்கின சான்றிதழ் கேலரி ஹோம் பேஜ்ல வேண்டாம், அறிமுகப் பக்கத்துல ஒரு வரி போதும். வகுப்பு நேரம், கட்டணம், முன் அனுபவம் வேணுமாங்கற மூணும் வகுப்புப் பக்கத்துலயே மேல இருக்கணும். பாடிக் காட்டற ஒரு நிமிஷ ஆடியோ நிச்சயமா வேணும், ஏன்னா குரல கேக்காம யாரும் பாட்டு கத்துக்க வர மாட்டாங்க. பேக்ரவுண்ட்ல ஓடற பெரிய வீடியோ? தேவையில்ல. ஒரு வெப் பக்கத்துல இருக்கறதுலயே பெரிய படமோ எழுத்தோ 2.5 செகண்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியணும்னு கூகுள் சொல்ற அளவுகோல் ஒண்ணு இருக்கு, அந்த வீடியோ இல்லாமப் போனதுல அதுவும் பாதி சரியாயிடும்.

ஒரே சைட்டுக்கு ரெண்டு நோக்கம் வந்து முட்டிக்கும்போதுதான் இந்த முறையோட உண்மையான பலம் தெரியும். ஒரு தொண்டு அமைப்புன்னு வெச்சுக்கோங்க, நன்கொடை குடுக்கறவங்களும் வருவாங்க, உதவி தேடியும் ஆளுங்க வருவாங்க. ஹோம் பேஜ்ல பெருசா எந்த பட்டன் வரணும்? நிதி பாக்கறவர் ஒண்ணு சொல்வார், களத்துல வேலை செய்யறவர் இன்னொண்ணு சொல்வார். டாக்குமென்ட்ல இத எழுதறப்பவே அந்த சண்டை வந்துடும், வரட்டும், அங்க வந்தா ஒரு மணி நேர வாக்குவாதத்தோட முடியும். மாக்கப்ல வந்தா ரெண்டு பட்டனையும் ஒரே சைஸ்ல பக்கத்துல பக்கத்துல வெச்சு சமாதானம் பண்ணிடுவாங்க, யாருக்கும் எது முக்கியம்னு தெரியாம போயிடும். கோட் எழுதினப்புறம் வந்தா கேக்கவே வேண்டாம்.

ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட்ங்கற டிசைனர் 2000ல இந்த வரிசைய ஒரே படத்துல போட்டுக் காட்டினார், இன்னிக்கும் எல்லாரும் அதத்தான் காட்டறாங்க. அஞ்சு அடுக்கு: அடியில நோக்கமும் வர்றவங்க தேவையும், அதுக்கு மேல என்னென்ன இருக்கணும்ங்கற அளவு, அதுக்கு மேல பக்கங்களோட அமைப்பு, அப்புறம் ஒவ்வொரு பக்கத்தோட எலும்புக்கூடு, உச்சியிலதான் கண்ணுக்குத் தெரியற தோற்றம். இதுல பலரும் கவனிக்காம விடற ஒரு விஷயம் இருக்கு, கீழ் அடுக்கு முழுசா முடிஞ்சப்புறம்தான் மேல கையே வெக்கணும்னு அவர் சொல்லல. கீழ முடியறதுக்கு முன்னாடி மேல முடிச்சுடாதீங்கன்னுதான் சொன்னார். அதனால நோக்கம் எழுதிக்கிட்டு இருக்கறப்பவே டிசைனர் நாலு ஸ்கெட்ச் போட்டுப் பாக்கலாம், ஒரு தப்பும் இல்ல.

இந்த வழில போனா சைட் வறண்டு போயிடும், அழகே இருக்காதுன்னு ஒரு பயம் உண்டு. பிரிட்டிஷ் அரசாங்கத்தோட கவ்.யூகே (GOV.UK) சைட்ட எடுத்துக்கோங்க. 2012 அக்டோபர்ல டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க்னு இருந்த ரெண்டு பழைய சைட்டுக்குப் பதிலா வந்துது. ஆளுங்க அரசாங்கத்துகிட்ட என்ன வேலையா வர்றாங்கன்னு பட்டியல் போட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் அது யாரோட எந்தத் தேவைக்குன்னு எழுதி வெச்சுட்டுத்தான் கட்டினாங்க. பாக்க வெள்ளைப் பின்னணில கறுப்பு எழுத்து, பெரிய தேடல் பெட்டி, அவ்ளோதான். 2013ல லண்டன் டிசைன் மியூசியம் அந்த வருஷத்தோட சிறந்த டிசைன்னு விருத அந்த சைட்டுக்குத்தான் குடுத்துச்சு, கட்டடம், கார், ஃபேஷன்னு எல்லாத்தோடயும் போட்டி போட்டு.

சரி, இதோட கஷ்டத்தையும் சொல்லணும். முதல்ல, எழுதறது பாரம். "கன்டென்ட் அப்புறம் தரேன்"ங்கறது இந்தத் தொழில்ல அதிகமா கேட்ட வாக்கியமா இருக்கும், அத முதல் நாளே கேட்டா பல பேரு ஓடிடுவாங்க, சில ப்ராஜெக்ட் அந்த எடத்துலயே படுத்துடும். அடுத்தது, சாம்பல் கட்டமா இருக்கற வயர்ஃப்ரேம (எது எங்க வரும்னு மட்டும் காட்டற வரைபடம்) காட்டினா "இவ்ளோதானா, கலரே இல்லையே"ன்னு முகம் வாடிடும், எத்தனை தடவை விளக்கினாலும் சிலருக்கு அதுல நிஜ சைட்ட கற்பனை பண்ண வராது. இதவிட மோசமான ஆபத்து, நோக்கம், எழுத்து, அமைப்பு எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு கடைசில டிசைனர கூப்பிட்டு "இதுக்கு பெயின்ட் அடிச்சுக் குடுங்க"ன்னு சொல்றது. நல்ல டிசைனர் நோக்கத்துலயே ஓட்டை கண்டுபிடிப்பார், அவர கடைசில கூப்பிட்டா அந்த லாபம் மொத்தமும் போச்சு.

டாக்குமென்ட் முடிஞ்சப்புறம் எழுத்த முதல்ல எழுதறதா வயர்ஃப்ரேம் முதல்ல போடறதான்னும் ஒரு சண்டை உண்டு. என்னோட கணக்கு சுலபமானது: படிக்க வர்ற சைட்னா எழுத்து முதல்ல, ஏதோ வேலை முடிக்க வர்ற சைட்னா (பதிவு, வடிகட்டித் தேடறது, பணம் கட்டறது) வயர்ஃப்ரேம் முதல்ல. பாட்டு டீச்சருக்கு வகுப்புப் பக்கத்தோட எழுத்த முதல்ல எழுதிட்டு, பதிவு ஃபார்ம மட்டும் பேப்பர்ல வரைஞ்சு பாத்தா போதும். வரையறதுக்கு பேப்பரும் பென்சிலுமே தாராளம், பால்சமிக் மாதிரி வயர்ஃப்ரேம் போடற டூல்கூட வேணும்னே கிறுக்கல் மாதிரி கோடு போடும், பாக்கறவங்க கலர் பத்தி பேச ஆரம்பிச்சுடக் கூடாதுங்கறதுக்காக.

அப்ப யாரு எத எடுக்கறது

ஃபோட்டோகிராஃபர், ஓவியர், அனிமேஷன் பண்றவங்க, இவங்க சைட்ல பாக்க எப்படி இருக்குங்கறதே விக்கற சரக்கு. அங்க படத்துல ஆரம்பிக்கறதுல அர்த்தம் இருக்கு, சும்மா "நோக்கம் முதல்ல"ன்னு வேதம் ஓத வேண்டாம், அவங்க நோக்கமே தோற்றம்தான். ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கற சைட்டுக்கு தோற்றம் மட்டும் பழசாயிடுச்சு, வர்றவங்க வந்த வேலைய ஒழுங்கா முடிச்சுட்டுத்தான் போறாங்கன்னு கணக்கும் கையில இருக்கு, அப்பவும் நேரா ஃபிக்மாக்கு போகலாம், ஏன்னா எழுத்து நிஜமா இருக்கு, லோரம் இப்சம் தேவையே இல்ல.

ஒரு பக்க சைட், ஒரு நிகழ்ச்சிக்கு, இல்ல ரெஸ்யூமே மாதிரி, இல்ல சில பக்கம் மட்டும் உள்ள சின்ன சைட், இதுக்கெல்லாம் தீம் போதும். ஒரே ஒரு நிபந்தனை: நாலு வரில நோக்கத்த எழுதிட்டு அப்புறம் கேலரிய தொறங்க. அப்ப தேடறதே வேற மாதிரி இருக்கும், "எது அழகு"ன்னு பாக்காம "எதுல என் பட்டன் முதல் ஸ்க்ரீன்ல வருது"ன்னு பாப்பீங்க, தேவையில்லாத கட்டத்த நிரப்பாம தூக்கி எறியவும் தைரியம் வரும். பாட்டு டீச்சர் இங்கதான் வர்றாங்கன்னு நினைக்கறேன், தனி டிசைன் அவங்களுக்கு தேவையே இல்ல, ரெண்டு பக்க டாக்குமென்ட்டும் சரியா தேர்ந்தெடுத்த ஒரு தீமும் தாராளம்.

பல வகை ஆளுங்க வர்ற சைட், பல பேரு சேந்து முடிவெடுக்கற நிறுவனம், நூறு பக்கத்துக்கு மேல உள்ள எதுவும், அங்கெல்லாம் டாக்குமென்ட்ட தவிர வேற வழிய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தீம்ல ஆரம்பிச்சாலும் ஃபிக்மால ஆரம்பிச்சாலும் அந்தக் கேள்விகள் ஒரு நாள் வரத்தான் போகுது, எல்லாம் கட்டி முடிச்சப்புறம் வந்தா அதுக்கு ஆகற செலவே தனி.

இப்ப ஏஐ கிட்ட ரெண்டு வரி சொன்னா முழு சைட்டும் பண்ணித் தருதே, அப்புறம் எதுக்கு இந்த டாக்குமென்ட்னு கேப்பீங்க. அது தர்றது பெரும்பாலும் தீம் டெமோ மாதிரியேதான் இருக்கும், மேல பெரிய தலைப்பு, கீழ மூணு கட்டம், அதுக்கு கீழ யாரோ கற்பனை ஆளுங்க சொன்ன பாராட்டு. நோக்கத்தையும், நிஜ எழுத்தையும், எந்தப் பக்கம் முக்கியம்ங்கறதையும் சேத்துக் குடுத்துப் பாருங்க, வித்தியாசம் தெரியும். டிசைனருக்கு அனுப்ப வெச்ச அதே ரெண்டு பக்கத்த அப்படியே அதுலயும் ஒட்டலாம்.